மதிலுக்கு வெளியே ஒரு கிளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. என் அறைத்தோழி ஜெனிட்டா சொன்னது. அவளுக்கு அவள் அம்மா ஸ்டெல்லா டீச்சர் சொன்னது. டீச்சர் பாதியைப் பார்த்தவர், மீதியைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டவர். அதனால் எதை யார் சொன்னது என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உறுதியாகத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டால், திரும்பப் போய்த் திருத்திச் சொல்லாமல் விடமாட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் கையில் இருக்கும் இந்த மனை வரைபடத்தைப் பார்த்துத்தானே கேட்டீர்கள், இடம் வாங்கப் போகிறாயா என்று? ஆமாம் அக்கா, அப்பாவுக்காக. தஞ்சாவூருக்கு இந்தப் பக்கம் புதிதாக மனை போடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சொந்தமாக ஒரு இடம் என்று வாங்கப் போவதும் இதுதான் முதல். நடுவில் பச்சையாகப் போட்டிருக்கிறது பாருங்கள், அது பூங்கா. மனை வாங்குகிறவர்கள் சந்தா கட்டி அவர்களே பராமரித்துக்கொள்வார்களாம். இடம் பார்க்கப் போனபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பார்க்குக்கு கேட்டு போட்டுப் பூட்டிக் குடுப்பீங்கல்ல?" அப்பா கேட்டதும் நியாயம்தானே. இத்தனை வருஷம் குழாயடிக்கு எதிரில், ஊரே வந்து போகிற வாசலில் குடியிருந்தவர்.

எனக்கு இந்தப் பச்சையைப் பார்த்தால் வைத்திலிங்கம் சார் ஞாபகம்தான் வருகிறது.

ஜெனிட்டா வீடு திருச்சிக்கு வெளியே, பொன்னி கார்டன் என்ற மனைப்பிரிவில். வைத்திலிங்கம் சார் அங்கே முதன்முதலில் வீடு கட்டி வந்தவர்களில் ஒருவர். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு இரும்புக் குழாய் சரியில்லை என்றால் மேலதிகாரியே வந்து சொன்னாலும் முத்திரை குத்த மாட்டாராம். மனைவி கமலவேணி. இவர் பேசாததையெல்லாம் சேர்த்து அந்த அம்மா பேசுவார்களாம்.

அப்போது பூங்காவுக்கு என்று விட்ட இடம் வெறும் கருவேலங்காடு. அதை வெட்டித் திருத்தி, மதில் எழுப்பி, கேட் போட்டு, சங்கம் தொடங்கி, வீட்டுக்கு வீடு போய்ச் சந்தா கேட்டுப் பூங்காவாக ஆக்கியது சார்தான். பல வருஷம் செயலாளரும் அவரேதான். விதி எல்லாம் அவர் எழுதியது. சந்தா கட்டுகிற வீட்டுக்காரர்களும் அவர்கள் குடும்பமும்தான் உள்ளே வரலாம். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் கூட வர வேண்டும். ஒரு நல்ல வழக்கமும் ஏற்படுத்தியிருந்தார். யார் புதுவீட்டில் பால் காய்ச்சினாலும், அன்று சாயங்காலம் குடும்பத்தோடு வந்து பூங்காவில் ஒரு கன்று நட வேண்டும். மரத்துக்கு அந்த வீட்டின் மனை எண் எழுதிய தகடு மாட்டுவார்கள். வீடு கைமாறினால் மரமும் வீட்டோடு கைமாறிவிடும்.

மற்றவர்கள் மா, கொய்யா, மகிழம் என்று வைத்தார்கள். கமலவேணி அம்மா சர்க்கரைப்பழ மரம் வைத்தார்கள். பார்த்திருப்பீர்கள் அக்கா, ரோட்டோரம் தானாக முளைக்கும், குடை மாதிரி விரியும், குட்டிக் குட்டியாகச் சிவப்புப் பழம் உதிரும்.

"இதெல்லாம் ஒரு மரமா? காக்கா எச்சத்துல முளைக்கறது" என்று சார் சிரித்தாராம்.

"உங்க மாமரம் நிழல் குடுக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு போயிடும். இது ரெண்டு வருஷத்துல குடுக்கும். நான் உக்காரணும்ங்க."

அப்படியே உட்கார்ந்தார்கள். தினமும் சாயங்காலம், ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், இரண்டு பேரும் அந்த நிழலில்தான். ஜெனிட்டாவுக்குத் தலை பின்னியதே அங்கேதானாம்.

பூங்காவின் பின்பக்க மதிலை ஒட்டி ஒரு மண் தெரு. அது பொன்னி கார்டன் இல்லை, பழைய ஊர். அங்கே சுபைதா என்று ஒருவர், தையல் வேலை செய்கிறவர். அவர் மகளுக்குச் சின்ன வயதில் காலில் பலம் இல்லை. புல்லில் வெறுங்காலோடு நடக்கவிடச் சொல்லி டாக்டர் சொன்னாராம். ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் பக்கம் வந்து கேட்டார். சார் எழுந்து போய்ப் பேசினார்.

"தப்பா நினைக்காதம்மா. இது சந்தா கட்டறவங்க இடம். உனக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும்."

"நானும் சந்தா கட்டுறேன் சார்."

"வீட்டுக்காரங்கதாம்மா கட்ட முடியும்."

சுபைதா குழந்தையோடு திரும்பிப் போய்விட்டார். சார் குரலை உயர்த்தவே இல்லை என்று டீச்சரே சொன்னாராம். நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் ஆள் பார்த்துப் பேசுகிறவர் இல்லை. அது முக்கியம். அந்தத் தெருப் பிள்ளைகள் சர்க்கரைப்பழத்துக்குக் கல் எறிகிறார்கள் என்று தெரிந்ததும், மதிலைத் தாண்டிப் போகும் கிளையை வருஷா வருஷம் ஆடி முடிந்ததும் கழித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் அவர்தான். தன் வீட்டு மரம் என்று பார்க்கவில்லை பாருங்கள்.

பிறகுதான் கமலவேணி அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பில் பால். அப்புறம் பெயர்கள். ஒருநாள் டீச்சரையே பார்த்து, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றார்களாம். சென்னையில் இருக்கும் மகன், இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்றான். அவன் கூப்பிட்டதும் சரிதான். சார் விற்றார். சங்கத்துப் பொறுப்பை டீச்சரின் கணவர் அமல்ராஜிடம் கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது, "மரம் வீட்டோட போகுது அமல். புதுசா வர்றவங்க கிட்ட காமிச்சுடுங்க" என்றாராம்.

சென்னையில் நான்கு மாதம்கூட ஓடவில்லை. அம்மாவுக்கு லிப்டைக் கண்டால் பயம். பால்கனியில் நின்று, "போலாமாங்க, டீச்சர் வந்திருப்பாங்க" என்று சாயங்காலமானால் செருப்பைத் தேடுவார்களாம். மருமகள் நல்ல பெண்தான், ஆனால் அவளும் வேலைக்குப் போகிறவள். கடைசியில் சார் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். பொன்னி கார்டனுக்குள் வாடகைக்கு ஒரு வீடும் காலி இல்லை. அந்த மண் தெருவில்தான் கிடைத்தது, சுபைதா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி.

வந்த முதல் சாயங்காலமே அம்மா கிளம்பிவிட்டார்கள். ஊர் பெயர் மறந்தது, மகன் பெயர் மறந்தது, பூங்காவுக்கு வழி மட்டும் மறக்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னாலேயே ஓடிவந்த சார் கையைப் பிடித்தார். உள்ளே இருந்து அமல்ராஜ் பார்த்துவிட்டு வந்து கேட்டைத் திறந்தார்.

"வாங்க சார், என்ன வெளிய நின்னுட்டு?"

சார் நகரவில்லை. "அமல், நான் சந்தா கட்டலாமா?"

"நீங்க எதுக்கு சார் கட்டணும்? சும்மா வாங்க. யாரு கேக்கப் போறா?"

"கட்டலாமா, கூடாதா?"

அமல்ராஜ் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்காரங்கதான் கட்டலாம்னு நீங்கதான சார் எழுதி வச்சிருக்கீங்க."

"அப்ப வரக் கூடாது."

"சார், உங்களுக்குப் போயி…"

"எனக்குன்னு ஒண்ணு, ஊருக்குன்னு ஒண்ணா?" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் திருப்பினார். அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதை டீச்சர் மரத்தடியில் இருந்து பார்த்தார். தான் அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மறுநாள் டீச்சர், சார் குடியிருந்த வீட்டுக்கே போய்க் கேட்டார். "என் விருந்தாளின்னு நான் கூட்டிட்டுப் போறேன் சார். அது விதியிலயே இருக்கு."

சார் யோசித்தார். அவருக்கும் ஆசை இல்லாமலா இருக்கும்? அது என் ஊகம் அக்கா, யாரும் சொன்னதில்லை. அப்புறம் சொன்னார்: "விருந்தாளின்னா என்னைக்கோ ஒருநாள் வர்றவங்க. தினமும் வந்தா அது விருந்தாளியா டீச்சர்? அன்னைக்கு அந்தப் பொண்ணு புள்ளையோட வந்து நின்னப்ப எனக்கு இந்த வழியெல்லாம் தோணலையே."

இப்படி ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் எங்கள் ஆபீஸில் பார்க்கிறேன். தனக்கு என்று வரும்போது எல்லோருக்கும் ஒரு சந்து கிடைக்கிறது. இவர் தேடவே இல்லை. ஜெனிட்டா அவரைத் திட்டினாள். நான் திட்டவில்லை.

ஆனால் அம்மாவைச் சாயங்காலத்தில் வீட்டில் வைக்க முடியவில்லை. சார் அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். அது பங்குனி மாதம். சர்க்கரைப்பழ மரத்தின் ஒரு கிளை பின்பக்க மதிலைத் தாண்டி, மண் தெருவில் நன்றாக இறங்கியிருந்தது. சாக்கடை ஓரம்தான், ஆனால் நல்ல நிழல். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அம்மா அண்ணாந்து இலையைப் பார்த்தார்கள். சிரித்தார்களாம்.

இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்பதைச் சுபைதா தையல் மிஷினில் இருந்து பார்த்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க சார். உங்க பார்க்கு நிழலு எங்க தெருவுலதான் விழுது. இதுக்கு நாங்க சந்தா வாங்குறதில்ல."

சாருக்கு முகம் செத்துவிட்டது. அம்மா உட்கார்ந்து, பக்கத்து ஸ்டூலைத் தட்டி, "உக்காருங்களேன், டீச்சர் வந்துருவாங்க" என்றார்கள். உட்கார்ந்தார்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். டீச்சரும் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் வர ஆரம்பித்தார். அம்மா உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி மடியில் சேர்த்து, போகிற வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார்கள். சுபைதாவின் மகள் பள்ளிக்கூடம் விட்டு ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வருவாள். அவளுக்கும் ஒரு கை. "பாப்பாவுக்குக் கால்ல என்ன?" என்று ஒருநாள் அம்மா கேட்டார்கள். "சின்னதுலேர்ந்தே அப்படித்தான் பாட்டி" என்று அவள் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் அன்றைக்கு என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

ஆடி முடிந்தது. ஒருநாள் காலையில் தோட்டக்காரர்கள் வழக்கம்போல வந்தார்கள். மதிலுக்கு வெளியே போயிருந்த கிளைகளை வழக்கம்போலக் கழித்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய வேலையும் இல்லை. வருஷா வருஷம் நடப்பதுதானே. சாயங்காலம் சார் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அங்கே அவர்கள் இருவரும் பேசியதைச் சுபைதா தன் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அவர் டீச்சரிடம் சொன்னது.

"மரம் எங்க?" என்றார்கள் அம்மா.

"உள்ள இருக்கு."

"நாம எங்க இருக்கோம்?"

"வெளிய இருக்கோம்."

"ஏன்?"

சார் கிளை இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாராம். அம்மா விடவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "ஏங்க, ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி சமாதானப்படுத்தியிருக்கலாம். நான் என்றால் சொல்லியிருப்பேன். அவர் அதுவும் சொல்லவில்லை.

சுபைதாவுக்குப் பொறுக்கவில்லை. "உள்ளதான் கூட்டிட்டுப் போங்களேன் சார். எனக்காகத்தான் போகாம இருக்கீங்கன்னா, நான் சொல்றேன், போங்க. எனக்கு அன்னைக்குக் கோவம் இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. இந்தம்மாவை நிக்க வச்சா அது தீந்துடுமா?"

"உனக்காக இல்லம்மா" என்றார் சார். "எனக்கு அங்க பாத்தியதை இல்ல."

அமல்ராஜ் அன்று இரவே வந்து மன்னிப்புக் கேட்டார். "நான் யோசிக்கல சார். அது நீங்க இருக்கறப்பவே போட்ட ஏற்பாடு, அது பாட்டுக்கு நடந்துருச்சு." சார் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, "சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்று அனுப்பினார்.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் கதவைத் தாழ்போட்டுவிடுவார். அம்மா ஜன்னல் பக்கம் வந்து நிற்பார்கள். முதலில் கதவைத் தட்டினார்கள், அப்புறம் கூப்பிட்டார்கள், மழை ஆரம்பித்தபோது இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். டீச்சர் பார்க்கப் போனபோது, "இப்பப் பரவாயில்ல டீச்சர், கேக்கறதே இல்ல" என்றாராம் சார். டீச்சர் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, விசில் வந்தது தெரியாமல் அழுதுகொண்டிருந்தாராம். ஜெனிட்டா இதை என்னிடம் சொன்னபோது அவளும் அழுதாள். நான் அப்போதும் அவளிடம் அதையேதான் கேட்டேன்: அவர் என்ன தப்பு பண்ணினார்? விதி என்றால் விதிதானே? அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. மகன் வந்து சேர்வதற்குள் போய்விட்டார்கள்.

எடுத்துக்கொண்டு போகும்போது அமல்ராஜ் பூங்காவின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தார். அந்த மரத்தடியில் ஒரு நிமிஷம் இறக்கி வைக்கலாம் என்று சங்கத்தில் எல்லோரும் பேசிவைத்திருந்தார்கள். மரத்தின் புதுச் சொந்தக்காரர்களே வந்து, "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், அம்மாவோட மரம்தானே" என்றார்கள். தூக்கியவர்கள் நின்றார்கள். சார் கேட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"உயிரோட இருக்கறப்ப கூட்டிட்டுப் போகல. இப்ப யாருக்குடா?" என்றார். அப்புறம் கேட்டுக்குள் நுழையாமலே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போதும் சார் அந்தத் தெருவில்தான் இருக்கிறார். கிளை மறுபடி வளர்ந்துவிட்டது. அந்த மரம் அப்படித்தான், வெட்ட வெட்ட வரும். சாயங்காலம் மதிலோரம் வருவார். அவரைப் பார்த்ததும் சுபைதா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார். சார் சுபைதா வீட்டு வாசலுக்குப் போய், பக்கத்தில் போட இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு வருவாராம்.

உங்கள் ஸ்டாப் வருகிறதா அக்கா? இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இது மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானே போய் விசாரித்தது.

இந்த மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்னால் எனக்கு ஒரு பயம். நாளைக்கு எங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்து இடத்தை விற்க நேர்ந்தால், அப்பாவும் இப்படி வெளியே நிற்க வேண்டி வருமா? பூங்காவில் யாருக்கு என்ன பாத்தியதை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. ஜெனிட்டாவின் ஊருக்கு நான் ஒருமுறை போயிருந்தபோது அங்கே இருந்த ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பொன்னி கார்டனையே உதாரணமாகச் சொல்லிக் கேட்டேன். "சந்தா கட்டற வீட்டுக்காரங்களுக்குச் சொந்தமான பார்க்குதானே சார் அது?"

அங்கிருந்தவர் டீயைக் கீழே வைக்காமலே சொன்னார். "யாரும்மா சொன்னா? மனை போடுறதுக்கு அனுமதி வாங்கறப்பவே பார்க்கு இடத்தை ஊராட்சிக்குத் தானமா எழுதிக் குடுத்துடணும். அதுவும் அப்படிக் குடுத்ததுதான். அவங்க செடிக்குத் தண்ணி ஊத்துறாங்க, சரி. பூட்டுறதுக்கு அவங்களுக்கு உரிமை கிடையாது. யாரும் வந்து சொல்லல, நாங்களும் போயிப் பாக்கல."

வைத்திலிங்கம் சாரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெனிட்டாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, கேட் போட்ட பூங்கா என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருவர் சொன்னதை நம்பிவிடக் கூடாது என்று, அடுத்த நாள் லீவு போட்டு ஒன்றிய அலுவலகத்துக்கும் போய்க் கேட்டேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். மதில் எழுப்புவதற்கு முன்பிருந்தே அந்தப் பூங்கா ஊருக்குச் சொந்தம். சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும், யார் வேண்டுமானாலும் எந்த நாளும் உள்ளே போய் உட்காரலாம்.